எடுக்கக்கூடாத அழைப்பு

என் மகள் யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறாள். நான் அழைத்து அவள் எடுக்காவிட்டால், வகுப்பு முடிந்த கையோடு அங்கிருந்து அழைப்பு வரும். குரலில் ஒரு நடுக்கம் இருக்கும்.

"அப்பா, நாலு மிஸ்கோல் கிடக்கு. என்ன நடந்தது? அம்மாவுக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை பிள்ளை. சாப்பிட்டியோ எண்டு கேக்கத்தான்."

"அதுக்கு நாலுதரம் எடுப்பியளோ? எனக்கு நெஞ்சு இடிச்சுப்போச்சு. இனிமேல் ஒருக்கா எடுத்திட்டு மெசேச் போடுங்கோ."

சரி என்பேன். ஆனால் அந்த நடுக்கத்தை ஒவ்வொரு முறையும் ஓர் ஆச்சரியத்தோடுதான் கேட்கிறேன். மிஸ்கோல் என்ற சொல்லை அவளுக்கு முன்பே, அவள் தத்தித் தத்தி நடந்த காலத்திலேயே, நான் பாவிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது அது யாருடைய நெஞ்சையும் இடிக்க வைத்ததில்லை. மிஸ்கோல் வந்தால் வீட்டில் ஒரு நிம்மதி பரவும். வந்து சேர்ந்துவிட்டார், பஸ் கிடைத்துவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அதே சொல்லுக்கு, நான் கூப்பிட்டேன் நீ எடுக்கவில்லை என்று அர்த்தம். வழக்குப் பதிவுபோல எண்ணிக்கையும் சேர்த்துக் காட்டுகிறது.

கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். தமிழ்ப்பற்று என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஏதோ ஒரு நாள் விரல் பட்டு மாறிப்போய், திருப்பி மாற்றத் தெரியாமல் விட்டது. அதில் மிஸ்கோலுக்குத் 'தவறிய அழைப்பு' என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர் வன்னியில் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் மிஸ்கோல் ஒன்றும் தவறியதில்லை. குறி பார்த்து அடித்தது. அதனால்தான் நாங்கள் 'மிஸ்கோல் அடிக்கிறது' என்றோம்.

கருவி செய்பவன் ஒன்றை நினைக்கிறான், அது வீட்டுக்குள் வந்ததும் வேறொன்றாகிவிடுகிறது. என் தகப்பன் காலத்தில் தந்தி என்றால் செத்தவீடு. தந்திக்காரன் சைக்கிளை ஒழுங்கை முகப்பில் நிறுத்தினால், காகிதத்தைப் பிரிக்குமுன்பே உள்ளே அழுகை தொடங்கிவிடும். என் மாமன் ஒருவருக்கு வேலை கிடைத்த செய்தி தந்தியாக வந்தபோது, அதை வாசித்துக் காட்ட ஆள் பிடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்துப் பாதி ஒப்பாரியைச் சொல்லி முடித்துவிட்டார்களாம். மீதிப் பாதியை அவர் ஓய்வுபெறும்வரை சொல்லிக் கேலி செய்தார்கள்.

யுத்தம் முடிந்து நாங்கள் திரும்ப வந்து குடியேறிய முதல் வருடங்களில், கிளிநொச்சியில் கூரை உள்ள வீடுகளைவிடக் கைபேசி உள்ள ஆட்கள் அதிகம். எங்களுக்கும் கூரை என்று இருந்தது நாலு கம்பில் இழுத்துக் கட்டிய ஒரு தறப்பாள். அதன்கீழ் இருந்துகொண்டு நானும் மனைவியும் ஒரு சட்டம் இயற்றினோம். ஒருதரம் அடித்து வெட்டினால், போன இடத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தாயிற்று. இரண்டுதரம் என்றால், சந்தியில் நிற்கிறேன், வந்து ஏற்றுங்கள். மூன்று என்றால் வரும்போது தேங்காய் வாங்கி வரவும். சட்டம் நல்ல சட்டம்தான். என் காதுதான் குறைபாடுள்ளது. ஒருநாள் அடித்தது இரண்டா மூன்றா என்று பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காயை வாங்கிக்கொண்டு சந்தியில் போய் நின்றேன். அரை மணித்தியாலம் வெயிலில் நின்று வீட்டுக்கு வந்தால், மனைவி அடுப்படியில் தேங்காய்க்குக் காத்திருந்தார்.

இந்தச் சட்டங்களின் அடியில் இன்னொரு பெரிய சட்டம் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். மிஸ்கோலை எடுக்கக்கூடாது. எடுத்தால் அடித்தவருக்குக் காசு வெட்டும், அதோடு செய்தியும் குழம்பும். மணி அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதுதான் மரியாதை. எங்கள் சித்தப்பா ஒருவருக்கு அந்தப் பொறுமை இல்லை. முதல் மணி அடங்குமுன் "ஹலோ, ஆர் பேசிறது?" என்று பாய்ந்து எடுத்துவிடுவார். சொந்தத்துக்குள் அவர் பெயர் கெட்டுப்போனது. "அவருக்கு மாத்திரம் மிஸ்கோல் அடிக்காதேங்கோ. மனுசன் போனை மடியில வைச்சுக்கொண்டு பூனை எலியைப் பாக்கிறமாதிரி இருக்குது" என்று என் தங்கை எல்லாருக்கும் எச்சரித்து வைத்தாள். கடைசியில் அவருக்கு யாரும் ஒன்றும் அறிவிப்பதில்லை. இரண்டு கலியாணத்துக்கு அவர் பிந்தித்தான் போனார்.

காலம் போனது. மாதம் முழுக்கப் பேசினாலும் ஒரே கட்டணம் என்று வந்தது. பிறகு முகம் பார்த்துப் பேசுவதும் வந்தது. வீட்டுச் சட்டம் தானாக வழக்கொழிந்தது. இப்போது தேங்காய் வேண்டுமென்றால் மனைவி தேங்காய்ப் படமே அனுப்புகிறார். அதில் எனக்குச் சந்தேகம் வர வழியில்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மிஸ்கோல் பழைய அர்த்தத்திலேயே நின்றது. அது எங்கள் வயல் வாய்க்கால்.

வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கண்டாவளைப் பக்கம் இருக்கிறது. மனைவியின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காடு வெட்டி ஆக்கிய வயல். அவர் போனபின், வெளிநாட்டில் இருக்கும் மனைவியின் அண்ணன்மார் இருவரும் அதை விற்றுவிடலாம் என்றார்கள். மனைவிக்கு மனமில்லை. நாங்களே செய்கிறோம் என்றார். அந்த 'நாங்களே' என்ற சொல்லுக்குள் நான் இருந்தது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

நான் அரச கந்தோரில் கோப்பு வேலை பார்ப்பவன். வேளாண்மை பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். முதல் போகம் அந்த வாசிப்பினாலேயே கெட்டது. எல்லாரும் விதைத்து முடிந்தபிறகும் கையேட்டில் சொன்ன பதத்துக்கு மண் வரட்டும் என்று பார்த்திருந்தேன். மண் பதத்துக்கு வந்தது, மழையும் கூடவே வந்தது. இரண்டாம் போகத்தைக் காட்டுப்பன்றி தின்றது. பன்றியை வெருட்ட, என் பழைய கந்தோர்ச் சேட்டையும் காற்சட்டையையும் மாட்டி ஒரு வெருளி கட்டி நிறுத்தியிருந்தேன். அந்த வழியால் போனவர்கள் அதற்குக் கைகாட்டிவிட்டுப் போனதாகவும், "சேர் இண்டைக்கு நிமிந்து நிண்டு வேலை செய்யிறார்" என்று தங்களுக்குள் மெச்சிக்கொண்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். பன்றிகளும் என்னை அறிந்தவைதான். அவை பயப்படவில்லை.

மூன்றாம் போகம் சிறுபோகம். விதைப்பதற்கு முதல் மனைவி ஒரு பின்னேரம், கதிரையில் இருந்து பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பி திருத்திக்கொண்டே சொன்னார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. சிவப்புப் பேனையால் எழுதுவதுபோலத்தான் பேசுவார்.

"இந்தமுறையும் சரிவராட்டில், அண்ணாக்கள் சொல்றமாதிரி வித்துவிடுவம். இனி நான் அவையோட வாதாடமாட்டன்."

சொல்லிவிட்டுக் கொப்பியைப் புரட்டவில்லை. அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போகம் விளையாவிட்டால் வயல் போய்விடும், போனால் அது என் கையாலாகாத்தனத்தால் போனதாக இருக்கும் என்பது எனக்கு அந்தப் பக்கம் புரளாமல் கிடந்ததில் விளங்கியது.

சிறுபோகம் மழையில்லாத காலம், குளத்தில் தண்ணீர் மட்டு. ஆகையால் முறை வைத்துத்தான் விடுவார்கள். பத்து நாளுக்கு ஒருதரம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். மேலே இருக்கிற வயல் முதலில் பாய்ச்சி முடித்து மடையைக் கட்டவேண்டும், பிறகு அடுத்த வயல், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொருவருக்கும் சில மணித்தியாலம்தான். உங்கள் முறையில் நீங்கள் நின்று மடை திறக்காவிட்டால் தண்ணீர் உங்களைக் கடந்து போய்விடும். அடுத்த பத்து நாளுக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

எங்களுக்கு மேல்வயல்காரர் தர்மபுரத்தில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது கூட. மலையகத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். இந்த மண்ணில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தும் பேச்சில் மலை இறங்கவில்லை. நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை சேர் என்பார். சேர் என்று சொல்லவேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "சரிங்க சேர்" என்பார்.

வாய்க்கால் சட்டம் அவர் வகுத்தது. தன் வயல் பாய்ந்து முடியப்போகிறது என்றால் எனக்கு ஒருதரம் மிஸ்கோல் அடிப்பார். நான் வெளிக்கிட்டு வந்து மடை திறக்கவேண்டும். என் வயல் முடியும்போது, எனக்குக் கீழே இருக்கும் வயல்காரப் பெண்ணுக்கு நான் ஒருதரம் அடிக்கவேண்டும். இரண்டுதரம் அடித்தால் வாய்க்கால் உடைந்துவிட்டது, மண்வெட்டியோடு எல்லாரும் ஓடிவாருங்கள் என்று அர்த்தம். எடுக்கக்கூடாது என்பது இங்கேயும் பெரிய சட்டம். எடுக்காவிட்டால் செய்தி கிடைத்தது என்று பொருள். அவருடைய கைபேசி அமத்துகிற பொத்தான் உள்ள சின்னது. அதில் இன்றைக்கும் மிஸ்கோல் என்றால் மிஸ்கோல்தான்.

பயிர் குடலையில் நின்றது. கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் வயிறுபோலத் திரண்டு நிற்கும் பருவம். அந்த நேரம் தண்ணீர் குறைந்தால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது. முழுக்கச் சப்பி. அந்தக் கிழமை முறை வந்த நாள் பார்த்துக் கந்தோரில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி. கணினியில் கோப்புகளை வைத்திருப்பது எப்படி என்பது பற்றியது. டவுனில் குளிரூட்டிய மண்டபம். காலையில் மனைவி கேட்டார்.

"இண்டைக்குத் தண்ணி வருமல்லோ? நான் லீவு போடட்டே?"

"வேண்டாம். அண்ணை மிஸ்கோல் அடிப்பார். நான் நைசா எழும்பிப் போவன்."

"மறக்கமாட்டியளே?"

"என்னை என்னவெண்டு நினைக்கிறீர்?"

அவர் என்னவென்று நினைத்தாரோ, அதைச் சொல்லாமல் பள்ளிக்கூடம் போனார். அது அவருடைய பெருந்தன்மை.

மண்டபத்தில் நுழையும்போது கைபேசிகளைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர் செய்தி உரிய நேரத்தில் உரிய ஆளைச் சென்றடைய வேண்டியதன் அவசியம் பற்றிப் பேசினார். நான் குறிப்பும் எடுத்தேன். தேநீர் இடைவேளையில் கையில் ஒரு றோல்ஸை வைத்துக்கொண்டு மற்றக் கையால் கைபேசியைப் பார்த்தேன். திரை நிறைய வந்து கிடந்தது. குழுக்களில் காலை வணக்கம், யாரோ அனுப்பிய கோயில் கொடியேற்றம், ஒரு வீடியோ. அவற்றுக்கிடையில் 'தவறிய அழைப்பு, ஒன்று'. மேல்வயல்காரரின் பெயரும் இருந்தது.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒன்றுதானே, அவசரமென்றால் திருப்பி அழைப்பார் என்று நினைத்துக்கொண்டு றோல்ஸைக் கடித்தேன்.

இதைப் பலதரம் யோசித்திருக்கிறேன். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். என் மகளிடமும் கந்தோரிடமும் பழகிப்பழகி எனக்குள்ளே அந்தச் சொல் புரண்டுவிட்டிருந்தது. இந்தக் காலத்தில் ஒரு மிஸ்கோல் என்றால் ஒன்றுமில்லை; நாலு என்றால்தான் விசயம். பதினைந்து வருடம் ஒரு மொழியைப் பேசிவிட்டு, அதில் ஒருவர் என்னோடு பேசியபோது வெளிநாட்டுக்காரன்போல நின்று றோல்ஸ் தின்றிருக்கிறேன். மீன் றோல்ஸ். அது சுவையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது மனைவியின் செய்தி வந்தது. "தண்ணி கட்டியாச்சோ?" என்று இரண்டே சொல். அப்போதுதான் காலையில் கண்ட அந்த ஒன்று எனக்கு விளங்கியது. பீங்கானை யாரிடம் கொடுத்தேன் என்று தெரியாது. மோட்டார் சைக்கிளை எடுத்து ஏ-ஒன்பதில் ஏறினேன். பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போகும்போது, விற்பனைப் பத்திரத்தில் மனைவி கையெழுத்து வைக்கும் காட்சி முழுவதும் எனக்கு ஓடி முடிந்தது. அதில் அவர் என்னைத் திட்டவேயில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கிரவல் வீதி முடிந்து வாய்க்கால் கரையில் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது தண்ணீர். எங்கள் வயலுக்குள் வெயிலில் மினுங்கிக்கொண்டு, பயிரின் அடியில் நின்றது தண்ணீர். எங்கள் மடை திறந்திருந்தது. கடைசிப் பாத்தியின் வரம்பில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு மேல்வயல்காரர் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பால் வேகமாக வந்தார். முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"சேர், வீட்ல யாருக்கு என்னாச்சு? டீச்சரம்மா நல்லா இருக்காங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "ஏன் அண்ணை?"

"நான் பத்து மணிக்கே அடிச்சிட்டேன். நீங்க எடுக்கல. சரி, சேருக்குத் தகவல் போயிருச்சுன்னு நெனச்சேன். அரைமணி பாத்தேன், ஒரு மணி பாத்தேன், வரல. தகவல் கெடச்சும் சேர் வரலைன்னா, ஏதோ பெரிய விசயம்னு மனசு கேக்கல. அதான் நானே தொறந்துட்டேன்."

"ஒருக்காத் திருப்பி அடிச்சிருக்கலாமே."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரெண்டு அடிச்சா வாய்க்கா ஒடைஞ்சதுன்னு ஆயிருமே சேர். நீங்களே ஏதோ கஷ்டத்துல இருக்கீங்க, அதுல நான் வேற பொய் சொல்லலாமா?"

வரம்பில் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை கிடந்தது. உள்ளே கிளினிக் கொப்பி. மாதம் ஒருதரம் பிறசருக்கு மருந்து எடுக்கும் கொப்பி. காலை வெளிக்கிடும்போதே, தன் வயலைப் பாய்ச்சிவிட்டு அப்படியே ஆசுப்பத்திரிக்குப் போகலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். மத்தியானத்தோடு கிளினிக் முடிந்துவிடும். முடிந்துவிட்டிருந்தது.

"கிளினிக் இண்டைக்கோ அண்ணை?"

"அது கெடக்குது சேர். ஒங்க வீட்ல என்ன, அதச் சொல்லுங்க."

அந்த இடத்தில் ஒரு பொய் என் வாய்வரைக்கும் வந்தது. உண்மையைச் சொன்னால் ஒன்றல்ல, நாலைந்து பொய் வந்து வரிசையில் நின்றன. மாமியாருக்குக் காய்ச்சல் என்பது முதலாவது. மாமியார் இறந்து ஆறு வருடம் என்பது அவருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டேன். அந்த மனுசன் சேற்றுக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக் கவலையைக் கேட்கத் தயாராக நின்றார். அதற்குக் கொடுக்க என்னிடம் ஒரு கவலையும் இல்லை.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. உங்கட மிஸ்கோலைக் கண்டனான். ஒண்டுதானே, அவசரமெண்டால் திருப்பி எடுப்பியள் எண்டு நினைச்சன். நினைச்சுக்கொண்டு றோல்ஸ் திண்டனான்."

அவர் வாய்க்காலைப் பார்த்தார், பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இடைவெளி ஒரு போகத்தின் நீளம்.

"அப்ப எக்சிடன்ட் இல்லையா?"

"இல்லை."

"ஆசுபத்திரி?"

"இல்லை அண்ணை."

"நல்லதாப் போச்சு" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா நான் ஒங்களுக்குன்னு முருகனுக்கு ஒரு தேங்கா நேந்துட்டேனே சேர். இப்ப அத யாரு ஒடைக்கிறது?"

"நான்தான் உடைக்கவேணும்."

"றோல்ஸ் தின்னவங்கதான் ஒடைக்கணும். அதான் நாயம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து வரம்பிலேயே குந்திவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். கந்தோர்க் காற்சட்டையின் பின்பக்கம் ஈரமானதை உணர்ந்தேன். அதற்கும் நன்றியாக இருந்தது, அது எங்கள் வயல் ஈரம்.

எழும்பியதும் அவர் சொன்னார். "ஒங்க வயல் முடிஞ்சிருச்சு. கீழ்வயல் தங்கச்சிக்கு நீங்கதான் அடிக்கணும். அது ஒங்க மொற, நான் அடிச்சாக் கொழம்பிடும்."

நான் அடித்தேன். ஒரு மணிச் சத்தம் கேட்டதும் வெட்டினேன். ஐந்து நிமிடத்தில் கீழ்வயல்காரி தோளில் மண்வெட்டியோடு வந்துவிட்டார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னண்ணை, வெள்ளைச் சேட்டோட நிக்கிறியள்? கலியாண வீட்டால நேர வாறியளோ?"

"அப்பிடித்தான்" என்றேன்.

"சாப்பாடு என்னமாதிரி?"

"றோல்ஸ் நல்லாயிருந்துச்சாம்" என்றார் மேல்வயல்காரர். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் இருவரும் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை. எங்கள் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமலும் விட்டிருக்கலாம், வயல் பாய்ந்துவிட்டது, கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் தேங்காய் ஒன்று உடைக்கவேண்டியிருந்தது, அதற்குக் காரணம் சொல்லத்தானே வேண்டும். மனைவி முழுவதையும் கேட்டார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அந்த மனுசன் கிளினிக்குப் போகேல்லையோ?" என்றுதான் கேட்டார்.

"இல்லை. மருந்து நாளைக்கு மட்டும் கிடக்காம்."

"அப்ப நாளைக்குக் காலமை நீங்கள் போய் அவரை ஏத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போறியள். வரிசையில நீங்கள்தான் நிக்கிறியள். அவர் வாங்கில குந்தியிருக்கட்டும்."

போனேன். விடிந்தும் விடியாததுமாக வரிசையில் நின்று இலக்கத் துண்டு எடுத்தேன். கிளினிக் நாளைத் தவறவிட்டதற்கு உள்ளே இருந்த தாதி அவரைக் கோபித்தார். "உங்களுக்குத் திகதி எழுதித் தந்தது எதுக்கு? பாக்கிறேல்லையோ?" அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். பிழை என்னுடையது என்று நான் இடையில் புகுந்தேன். "நீங்கள் ஆர்? மகனோ? மகனெண்டால் நீங்களல்லோ கவனமா இருக்கவேணும்" என்று தாதி மிச்சத்தை எனக்குத் தந்தார். என் வயதுக்கு அது ஒரு பாராட்டும்தான். இருவரும் மறுக்கவில்லை. வெளியே வந்து, கோயிலில் தேங்காயை உடைத்தேன். முதல் அடியில் உடையவில்லை. அதையும் அவர் ரசித்தார்.

அந்தப் போகம் விளைந்தது. மிகச் சிறப்பாக என்று சொல்ல மாட்டேன். மேல்வயலைப் பார்த்துவிட்டு எங்களுடையதைப் பார்த்தால் யார் விவசாயி, யார் வாசகன் என்று தெரியும். ஆனால் சப்பி இல்லை. கதிரைக் கையில் உருவி நகத்தால் நசித்துப் பார்த்த மனைவியின் முகத்தில், பல வருடமாக நான் காணாத ஒரு சின்னப் பிள்ளைத்தனம் வந்து போனது. மிசின் வெட்டி முடித்த அன்று அண்ணன்மாருக்கு வயலிலிருந்தே வீடியோவில் அழைத்தார். அங்கே ஒருவர் போர்வையோடு இருந்தார், மற்றவர் பஸ்ஸில் நின்றார். மனைவி கைபேசியை நெல் மூட்டைகளின் பக்கம் திருப்பிப் பிடித்தார். விற்பது பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை. மூத்தவர் மட்டும், "எங்கட ஐயா வைச்ச பூவரசு இன்னும் நிக்குதோ?" என்று கேட்டார். நிற்கிறது என்று மனைவி அதையும் காட்டினார்.

புது அரிசியில் ஒரு பையை மேல்வயல்காரர் வீட்டுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கும் அதே நெல், அதே தண்ணீர், என்னைவிட நல்ல விளைச்சல். இருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கினார். "டீச்சரம்மா குடுத்ததா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்பச் சரி" என்றார். நான் கொடுத்ததாகச் சொல்லியிருந்தால் கல் பொறுக்கியிருப்பார் போலும்.

அடுத்த போகத்துக்கு வாய்க்கால்காரர்களின் கூட்டம் நடந்தபோது மனைவி தானே வந்தார். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டிருந்தார். விதைப்பு எந்தக் கிழமை, தண்ணீர் எப்போது திறப்பது என்றெல்லாம் பேசி முடித்தபிறகு, ஒவ்வொரு வயலுக்கும் தொடர்பு இலக்கம் எழுதும் தாள் கைமாறி வந்தது. அதில் எங்கள் வயலுக்கு நேரே என் இலக்கம் முன்பே எழுதப்பட்டிருந்தது. மனைவி சிவப்புப் பேனையை எடுத்து அதை ஒரே கோட்டில் வெட்டிவிட்டுத் தன் இலக்கத்தை எழுதினார். தாளை எட்டிப் பார்த்த மேல்வயல்காரர் என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க சேர்" என்றார். கோவிக்கவில்லை. ஒரு வேலையிலிருந்து இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை நீக்கியதில்லை.

முதல் முறைத் தண்ணீர் ஒரு சனிக்கிழமை வந்தது. காலைச் சாப்பாட்டில் இருந்தோம். மேசையில் கிடந்த மனைவியின் கைபேசி ஒருதரம் அடித்தது. அவர் அதைத் தொடவில்லை. இடியப்பத்தைப் பிசைந்த கை அப்படியே நிற்க, மணி அடித்து ஓயும்வரை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது அடிக்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிக்கவில்லை. இடது கையால் மோட்டார் சைக்கிள் திறப்பை வளையத்தோடு எடுத்து என் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் மிச்ச இடியப்பத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டு எழும்பினேன்.